தாய்மாமன் உடைத்த எண்

சிங்காநல்லூர்
11 மே 2025

கண்ணு லோகப்பிரியாவுக்கு,

மாமன் பாலுசாமி எழுதறது. நானும் அத்தையும் இங்க சுகம். உங்கம்மா போன வாரம் பல்லடத்துல இருந்து வந்து ஒரு பை மாங்காய் குடுத்துட்டுப் போனா, அவளுக்கும் ஒரு குறையும் இல்லை. கல்கத்தா தண்ணி உனக்கு ஒத்துக்குதா? கடுகெண்ணெய்க் குழம்புக்கு வயிறு பழகிருச்சா?

போன்ல நீ அரை மணி நேரம் பேசுன. நானும் "சரி கண்ணு, சரி கண்ணு"ன்னுட்டே இருந்தேன். வெச்சதும் அத்தை கேட்டா, "ஏனுங்க, புள்ளை என்ன சொல்லுச்சு?" எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை. அதனால இனி எழுதிப் போடு. எழுத்துன்னா நாலு தடவை படிச்சுப் புரிஞ்சுக்குவேன். போன்ல உன்னை நாலு தடவை சொல்லச் சொன்னா மாமனுக்கு என்ன மரியாதை இருக்குது?

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். உனக்குக் கம்ப்யூட்டர் வேணும், நிறைய வேணும், நாலஞ்சு மாசத்துக்கு வேணும். சரவணம்பட்டியில ஒரு கம்பெனி ஆபீஸைக் காலி பண்ணுச்சு. நாப்பது மெஷினு, ஒரு பெரிய சர்வர், மொத்தமா லாட் எடுத்து, விக்கறதுக்குக் குடோன்ல அடுக்கியிருக்கேன். பழசுதான், ஆனா உள்ளே சுத்தம். கூரை மேல சோலார் போட்டிருக்கறதுனால கரண்டுக்கும் நீ கவலைப்பட வேண்டாம்.

எடுத்துக்கோ. ஆனா என்னத்துக்குன்னு சொல்லிப்போட்டு எடுத்துக்கோ. ஒரு எண்ணை உடைக்கோணும்னு சொன்ன. எதுக்கு அதைப் போய் உடைக்கோணும்? அது உன்னை என்ன பண்ணுச்சு?

பதிலுக்குக் காத்திருக்கும்
மாமன்

•

கல்கத்தா
19 மே 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் வந்தபோது மெஸ்ஸில் மீன் குழம்பு. வயிறு பழகிவிட்டதுங்க, மூக்குதான் இன்னும் பழகவில்லை. உங்களுக்கும் அத்தைக்கும் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது? அத்தை உண்மையைச் சொல்லுவார்கள், நீங்கள் குறைத்துச் சொல்லுவீர்கள்.

நான் ஆராய்வது எண்களின் ஒரு வரிசை, மாமா. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பல மடங்கு பெரிது. ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்கவேண்டும். அதாவது, எந்தெந்தப் பகா எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று கண்டுபிடிக்கவேண்டும். ஏழு, பதினொன்று மாதிரி, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாதவைதான் பகா எண்கள். முதல் அறுபது எண்கள் உடைந்துவிட்டன. அறுபத்தொன்றாவது நிற்கிறது. எங்கள் நிறுவனத்துப் பெரிய கம்ப்யூட்டரில் எனக்குக் கொடுத்த நேரமும் தீர்ந்துவிட்டது. என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே இந்த ஒரு எண்ணை நம்பித்தான் இருக்கிறது. நவம்பர் கடைசிக்குள் கொடுக்கவேண்டும்.

அந்த எண்ணுக்கு நூற்றுத் தொண்ணூறு இலக்கம். கூடவே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அது உடையும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எதால் உடையும் என்றுதான் தெரியாது. "அதெப்படி?" என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128. அதை ஏழால் வகுத்தால் மீதி இரண்டு. பகா எண் எதை எடுத்துச் செய்தாலும், இரண்டைத் தவிர, மீதி இரண்டுதான் வரும். ஒன்பதுக்குச் செய்யுங்கள்: 512, ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு. உடனே தெரிந்துவிட்டது, ஒன்பது உடையும். மூன்றைத் தேடவே இல்லை பாருங்கள். பெரிய எண்ணுக்கும் இதைச் செய்யச் சுருக்கு வழி இருக்கிறது, கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். ஆனால் உள்ளே இருப்பது யார் என்று கேட்டால் மாதக்கணக்கில் ஆகும்.

அத்தை கையைப் பிடித்துக்கொண்டு,
உங்கள் லோகு

•

சிங்காநல்லூர்
2 ஜூன் 2025

கண்ணு லோகுவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். சர்க்கரை நூத்தி முப்பது. அத்தை நூத்தி எழுவதும்பா, நம்பாதே.

உன் ஆட்டத்தைப் பதினஞ்சுக்குப் போட்டுப் பாத்தேன். இரண்டைப் பதினஞ்சு தடவை பெருக்குனா 32768. பதினஞ்சால வகுத்தா மீதி எட்டு. உடையுது! அத்தையைக் கூப்பிட்டுக் காட்டுனா, "பதினஞ்சு உடையும்னு அஞ்சாம் வாய்ப்பாடு படிச்ச எனக்கே தெரியுமே, இதுக்கு இத்தனை பேப்பரா?"ங்கறா. அவகிட்ட இந்த யாவாரம் செல்லாது.

நாப்பது மெஷினும் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல ஆன் பண்ணியாச்சு. நீ இன்டர்நெட் வழியா உள்ளே வந்து என்னமோ ஏத்துன. இப்ப குடோன் பூரா தேனீக் கூடு மாதிரி இரையுது. சூடு தாங்காம நாலு பெரிய மில் பேன் வாங்கி வெச்சேன். எடுபிடிக்கு இருக்கற மாசாணம், "முதலாளி, இத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு கணக்கா போடுது?"ன்னு கேட்டான். ஆமாண்டா, எங்க புள்ளை கணக்குன்னேன்.

நீ வயசுக்கு வந்தப்ப உன் தெரட்டிச் சீருக்குப் பட்டும் பழமும் தட்டுத் தட்டா எடுத்துட்டு வந்தேன். கல்யாணச் சீரு எப்பன்னு கேட்டா நீ வாயைத் திறக்க மாட்டேங்கற. அதுவரைக்கும் இதைத் தாய்மாமன் சீருன்னு வெச்சுக்கோ. உன் படிப்புக்கு நாப்பது தட்டு.

ஒரே ஒரு சந்தேகம். அதை உடைச்சு உனக்கு என்ன தெரியோணும்? வெளிய இருந்து பாத்தே சொல்ல முடியாதா?

உன் தலையைத் தொட்டு
மாமன்

•

கல்கத்தா
14 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. துணி காயவில்லை, மற்றபடி நலம். நாற்பது தட்டுச் சீரைப் படித்துவிட்டு என் அறைத்தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளுக்கும் ஒரு தாய்மாமன் வேண்டுமாம்.

நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்விங்க. முதல் அறுபது எண்களை உடைத்ததில் வந்த பகா எண்கள் அத்தனைக்கும் ஒரே குணம்: நாலால் வகுத்தால் மீதி ஒன்று. ஐந்து, பதின்மூன்று, பதினேழு, இந்த ஜாதி. ஏழு, பதினொன்று மாதிரி மீதி மூன்று வருகிற ஒன்றுகூட இல்லை. இந்த வரிசையில் எப்போதும் அப்படித்தான் என்பது என் ஊகம். யார் கண்ணிலும் இதுவரை படாதது. அதை நிரூபிக்க மூன்று வருடமாக முட்டிக்கொண்டிருக்கிறேன். நிரூபணம் வரவில்லை, அறுபத்தொன்றும் ஒத்துவந்தால் ஊகமாகவாவது தைரியமாக வைப்பேன்.

வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, மாமா. 65ஐ எடுங்கள். நாலால் வகுத்தால் மீதி ஒன்று. உள்ளே ஐந்தும் பதின்மூன்றும், இரண்டும் நல்லவை. 77ஐ எடுங்கள். அதற்கும் மீதி ஒன்றுதான். ஆனால் உள்ளே ஏழும் பதினொன்றும், இரண்டுக்கும் மீதி மூன்று. மூன்றும் மூன்றும் பெருக்கினால் ஒன்பது, அதில் எட்டுப் போக மீதி ஒன்று ஆகிவிடுகிறது. நம் எண் 13 என்று முடிகிறது. நாலுக்கு மீதி பார்க்கக் கடைசி இரண்டு இலக்கம் போதும். இதற்கும் மீதி ஒன்று. அதனால் 65 ஜாதியா 77 ஜாதியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

குடோனில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.
லோகு

•

சிங்காநல்லூர்
20 ஆகஸ்ட் 2025

கண்ணு லோகுவுக்கு,

பதில் போட இரண்டு மாசம் ஆயிருச்சு, கோவிச்சுக்காதே. ஆடி மாசம் யாவாரம் படுத்திருக்கும், அப்பத்தான் அலைச்சல் சாஸ்தி. அத்தைக்கு முழங்கால் வலி, மத்தபடி ஒண்ணும் இல்லை.

இரண்டு பிராடு சேர்ந்தா வெளிய ஒரு யோக்கியனாத் தெரியுமா! இதை நீ கல்கத்தாவுல போய்ப் படிக்கோணுமா கண்ணு? சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பார்ட்னர்ஷிப் கம்பெனி இருக்குது, நேர்ல கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.

இப்ப மாமன் யாவாரியாப் பேசறேன், கேட்டுக்கோ. அறுபது பீஸைத் திறந்து பாத்த. அறுபதும் நயம். அறுபத்தொண்ணாவது பெட்டி திறக்க வரலை. நானா இருந்தா லாட்டே நயம்னு எடுத்துப்போட்டு வந்திருப்பேன். அறுபதுக்கு அறுபது எந்த மார்க்கெட்டுல கிடைக்குது? பேசாம எழுதிக் குடுத்துப்போட்டு டாக்டர் ஆயிரு. இதையே புடிச்சுட்டு உக்காந்து உன் உடம்பு கெடக் கூடாது, அதுக்காகச் சொல்றேன். மெஷினுக்காகச் சொல்லலை. மெஷின் ஓடட்டும். யாராரோ வந்து விலை கேக்கறாங்க, அது கெடக்குது.

நேரத்துக்குச் சாப்பிடு.
மாமன்

•

கல்கத்தா
10 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமா,

அத்தைக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு காட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். நான் நலம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், மீனைத் தவிர.

உங்களைப் போலத்தான் என் வழிகாட்டி சுந்தரராஜுலு சாரும் சொல்கிறார். "அறுபது போதும், எழுதிக் கொடு." ஆனால் நான் எழுதியிருப்பது 'பெரும்பாலும்' என்றில்லைங்க, 'எல்லாம்' என்று எழுதியிருக்கிறேன். உங்கள் லாட்டில் ஒன்று கெட்டுப்போனால் மற்ற அறுபதும் விற்கும். என் லாட்டில் ஒன்று கெட்டால் அந்த வாக்கியமே பொய். பொய்யாகுமோ என்று தெரியாமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

நல்ல செய்தி: நாற்பது மெஷின் வேலையும் முடிந்தது! அவை சேர்த்துக் கொடுத்ததையெல்லாம் வைத்து உங்கள் பெரிய சர்வரில் கடைசிக் கட்டத்தை நேற்று ஆரம்பித்துவிட்டேன். ஏறக்குறைய நாலு வாரம். இது ஒரே மூச்சில் ஓடவேண்டிய வேலை, மாமா. நாற்பதை நீங்கள் நிறுத்தினாலும் பரவாயில்லை, அந்த ஒன்றை மட்டும் யாரும் தொடக் கூடாது. அக்டோபர் முதல் வாரம் நமக்குத் தெரிந்துவிடும்.

இப்போதே தூக்கம் வராத
லோகு

•

சிங்காநல்லூர்
6 அக்டோபர் 2025

லோகப்பிரியாவுக்கு மாமன் எழுதிக்கொண்டது.

இங்க எல்லாரும் நலம். நீ நலமா இருப்பாய்னு நம்பறேன். 1ஆம் தேதி இங்க கரண்டு போயிருச்சு. பேட்டரியும் கை குடுக்கலை. சர்வர் நின்னுபோச்சு. மறுபடி ஆன் பண்ணியாச்சு. வருத்தமா இருக்குது. வேற விசேசம் இல்லை.

இப்படிக்கு
பாலுசாமி

•

சிங்காநல்லூர்
8 அக்டோபர் 2025

எங்க தங்கம் லோகுவுக்கு,

அத்தை மாரியாத்தாள் எழுதறேன் சாமி. தைலம் வந்துச்சு, முழங்கால் தேவலை. நீ எளைச்சுட்டன்னு உங்கம்மா போட்டோ காட்டுனா. கண்ணுல தண்ணி வந்திருச்சு.

உங்க மாமன் எழுதுன லெட்டரை ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன். கரண்டும் போகலை ஒண்ணும் போகலை. அன்னிக்கு ஆயுத பூஜை. நாப்பது மெஷினையும் தொடைச்சு, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, ஒவ்வொண்ணு மேலயும் பொரிகடலை வெச்சாரு. அந்தப் பெரிசுக்கு மாலையே போட்டாரு. நீ அனுப்புன எண் தாளுக்கும் பொட்டு. அப்புறம் அதை நிறுத்தற பட்டன்ல கை வெச்சாரு. "ஏனுங்க, புள்ளை தொட வேண்டாம்னு சொன்னாள்ல?"ன்னு கேட்டேன். "வருசம் பூரா உழைக்குது. இன்னிக்கு ஒரு நாள் எல்லா ஆயுதத்துக்கும் லீவு. புள்ளை கணக்குக்காகத்தானே பூஜையே? கும்புட்டுப்போட்டு ஆன் பண்ணுனா விட்ட இடத்துல இருந்து ஓடும்"னாரு. தறி அப்படித்தானே ஓடுது, லேத்து அப்படித்தானே ஓடுதுன்னு நானும் விட்டுட்டேன். அடுத்த நாள் ஆன் பண்ணுனா திரையில சைபர். இன்னும் சரியாச் சோறு இறங்கலை.

இன்னொண்ணும் சொல்றேன். ஆடி மாசம் ஒரு காலேஜுக்காரங்க வந்து நாப்பதையும் மொத்தமாக் கேட்டாங்க. நல்ல விலை. அதெல்லாம் சீரு, விக்கறதுக்கு இல்லைன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாரு. அவுங்க வேற இடத்துல எடுத்துட்டாங்க.

நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதே. உங்க மாமனைத் திட்டவும் திட்டாதே.

உன் நெத்திய வழிச்சு முத்தம் வெக்கும்
அத்தை

•

கல்கத்தா
15 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தை,

நீங்கள் சுகம்தானே? முழங்காலை மடக்கி உட்காராதீர்கள்.

எனக்கு அன்றைக்கே தெரியுங்க அத்தை. சர்வர் எப்படி நின்றது என்று அதுவே எழுதி வைத்திருக்கும், அதை இங்கிருந்தே பார்க்கலாம். கரண்டு போனால் பட்டென்று நிற்கும். இது யாரோ பொறுமையாக, முறையாக அணைத்தது. தேதியைப் பார்த்தேன், அக்டோபர் ஒன்று. பல்லடத்தில் அப்பாவின் தறிகளுக்குப் பொட்டு வைத்து வளர்ந்தவள் நான், எனக்கு அது தோன்றியிருக்கவேண்டும். "தொடாதீர்கள்" என்று எழுதினேனே தவிர, "பூஜை அன்றைக்கும்" என்று எழுதவில்லை.

விட்ட இடத்திலிருந்து ஓடும் என்று மாமா நினைத்ததும் தப்பில்லை. நடுநடுவே சேமித்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. வேகம் குறைகிறதே என்று அதை நிறுத்தி வைத்தவள் நான். இப்போது அதைப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஓட்டியிருக்கிறேன். ஆய்வேடு கொடுக்க டிசம்பர் வரை சாரிடம் நேரம் கேட்டு வாங்கிவிட்டேன். உதவித்தொகை நவம்பரோடு நிற்கும், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

காலேஜ் விஷயத்தை மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். மாமாவுக்குத் தனியாக எழுதுகிறேன், என் பக்கத்துத் தப்பை மட்டும். அவருக்குச் சோறு இறங்கட்டும்.

உங்கள் லோகு

•

சிங்காநல்லூர்
22 அக்டோபர் 2025

கண்ணு லோகுவுக்கு,

தீபாவளி நல்லபடியா ஆச்சு. உங்கம்மா, அப்பா எல்லாரும் இங்கதான் வந்திருந்தாங்க. உனக்கு எடுத்த சுடிதாரை அத்தை பார்சல் போட்டிருக்கா, அளவு சரியா இருக்குதான்னு சொல்லு.

சேமிக்கற வசதியை நான்தான் நிறுத்தி வெச்சேன், அதனால தப்பெல்லாம் என்னுதுதான்னு எழுதியிருந்த. கண்ணு, நான் முப்பது வருசமா யாவாரம் பண்றவன். எதிராளி எனக்காக விலையைக் குறைச்சுச் சொல்றானா, நிஜமாவே அதான் விலையான்னு முகத்தைப் பாக்காமயே தெரியும். சரி, நீ சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்.

சர்வர் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகியிருக்கேன். தீபாவளிக்குத் தெருவுல வெடி வெடிச்ச பசங்களை ரெண்டு தெரு தள்ளி அனுப்புனேன். அதிர்ச்சியில நின்னுரக் கூடாதில்ல? உங்கம்மா சிரிக்கறா. "அண்ணா, குழந்தை பொறந்த ஊடு மாதிரி பண்றீங்களே"ங்கறா. பண்ணட்டுமேன்னேன்.

எண் என்ன சொன்னாலும் உடனே சொல்லு. நல்லதா இருந்தாலும் இல்லாட்டியும்.
மாமன்

•

கல்கத்தா
31 அக்டோபர் 2025

அன்புள்ள மாமா,

சுடிதார் அளவு சரி. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எண் உடைந்துவிட்டது, மாமா. நேற்றுக் காலை. இரண்டே பகா எண்கள், ஒன்று எண்பத்தேழு இலக்கம், மற்றது நூற்று நாலு. இரண்டையும் அடுத்த தாளில் எழுதியிருக்கிறேன். உலகத்தில் முதலில் பார்த்தது நான், இரண்டாவது நீங்கள்.

ஒன்று 39 என்று முடிகிறது. மற்றது 67 என்று முடிகிறது. கடைசி இரண்டு இலக்கம் போதும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். நீங்களே நாலால் வகுத்துப் பாருங்கள். நான் வகுத்துவிட்டேன்.

ஊகம் பொய், மாமா. அறுபது எண் கூடவே நடந்து வந்துவிட்டு அறுபத்தொன்றில் கையை விட்டுவிட்டது. இன்று சாரிடம் போனேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதைக் கேட்டு நீ செப்டம்பரில் கொடுத்திருந்தால் நாம் இருவரும் பொய்யில் கையெழுத்துப் போட்டிருப்போம்" என்றார். கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதச் சொன்னார். 'எல்லாம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'அறுபது வரை. அறுபத்தொன்றில் உடைகிறது' என்று. அது சின்ன விஷயம் இல்லை என்கிறார். எனக்கு இன்று அப்படித் தோன்றவில்லை.

நீங்கள் கொடுத்த சீருக்கு நல்ல பதிலாகக் கொண்டுவர நினைத்தேன்.
லோகு

•

சிங்காநல்லூர்
9 நவம்பர் 2025

எங்க டாக்டரம்மணிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியான்னு கேக்கலை, இல்லைன்னு தெரியும். அதான் உடனே எழுதறேன்.

லெட்டர் வந்ததும் கண்ணாடியை மாட்டிட்டு உக்காந்தேன். 39ல 36 போனா மூணு. 67ல 64 போனா மூணு. இரண்டும் பிராடு! அப்புறம் 39ஐயும் 67ஐயும் பெருக்குனேன், 2613. கடைசியில 13 வருது. நம்ம சரக்கேதான், மாறிப் போகலை.

ஒரு நாள் பூரா எனக்கு ஒரு கிறுக்கு ரோசனை. ஆயுத பூஜை அன்னிக்கு நான் கை வெச்சதுனாலதான் மூணு வந்துச்சோ, சும்மா விட்டிருந்தா ஒண்ணு வந்திருக்குமோன்னு. ஆமா கண்ணு, கரண்டு போகலை, நான்தான் நிறுத்துனேன். உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அப்புறம் அந்த நூத்தித் தொண்ணூறு எழுத்தையும் வெச்சுப் பாத்துட்டே இருந்தேன். நான் பொட்டு வெச்சாலும் வெக்காட்டியும், நீ அழுதாலும் சிரிச்சாலும், உங்க சார் கையெழுத்துப் போட்டாலும் போடாட்டியும், அதுக்குள்ள இருந்தது அந்த ரெண்டு பேருதான். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே அவங்கதான். இத்தனை வருசத்துல பேரம் பேச முடியாத சரக்கை இப்பத்தான் பாக்கறேன். அதைத் திறக்காம விக்க மாட்டேன்னு எங்க புள்ளை நின்னா. நான் சொல்லியும் கேக்கலை, சாரு சொல்லியும் கேக்கலை. இதைவிட என்ன பதில் எனக்கு வேணும்? அத்தை பாயசம் வெச்சா. எதுக்குடின்னு கேட்டா, "உடைஞ்சிருச்சில்ல?"ங்கறா. அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு, அதும் சரிதான்.

உதவித்தொகை நின்னுரும்னு எங்கிட்ட மறைச்சியாமா? அத்தை வாயில எது நிக்கும்? அதை நான் பாத்துக்கறேன், நீ அத்தியாயத்தை எழுது.

ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. அறுபது பேரு யோக்கியன், ஒருத்தன் இப்படி. இவன் ஒருத்தன்தான் இப்படியா, இல்லை இங்கிருந்து வரிசையா எல்லாம் இப்படித்தானா? அது தெரியாம நீ எப்படிக் கையெழுத்துப் போடுவ, எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நாப்பது மெஷினையும் தொடைச்சு வெச்சிருக்கேன். சரவணம்பட்டியில இன்னொரு ஆபீஸ் காலியாகுது, அங்கயும் முப்பது பேசிட்டு வந்திருக்கேன்.

அறுபத்திரண்டாவதை எழுதி அனுப்பு.

மாமன்